ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள்

மகள் வாங்கி அனுப்பிய மின்சார அடுப்பில்தான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. கை நடுக்கமெல்லாம் அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான். அந்த அடுப்பில் மொத்தமே நாலைந்து பொத்தான்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். இலஞ்சியில் தென்னந்தோப்பும் வயலும் பார்த்தே காலம் கழித்தவர். அவர் ஒரே நாளில் அதில் பால் காய்ச்சப் பழகிவிட்டார். நான் காவல் துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சிறப்பு சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். வயர்லெஸ், துப்பாக்கி, பிற்பாடு கம்ப்யூட்டரில் புகார் ஏற்றுவது என்று எது வந்தாலும் இரண்டு தடவை பார்த்தால் எனக்குக் கைவந்துவிடும். இந்த அடுப்பு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அதை முதல் முதலாகப் பார்ப்பதுபோல் நின்றேன். எந்தப் பொத்தானை முதலில் அமுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவர் ஏதாவது கேட்டுவிட்டால் போச்சு. அடுப்பும் மறந்துவிடும், அவர் கேட்டதும் மறந்துவிடும்.

"என்னட்டி, கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்க?"

"இருங்க, யோசிக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மோட்டாரை அமத்திட்டியான்னுதான கேட்டேன்."

அவருக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவள். அந்த நோய்தான் எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் அடுப்புக்கே திரும்பினேன். தென்காசிக் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினேன். கடைக்காரர் விலை சொல்ல, பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்க, தெரிந்தவர் யாராவது நலம் விசாரிக்க, மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் என் தலைக்குள் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. வங்கியில் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துப்போய், அதை ஏற்க மாட்டோம் என்றார்கள். மறைக்க முடியாத கட்டம் வந்துவிட்டது. மகள் லீவு போட்டு வந்து என்னைத் திருநெல்வேலிக்கு, நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். வராந்தாவில் நடக்கச் சொன்னார். நடந்தேன். நல்லாத்தான் நடந்தேன்.

"இப்ப நடந்துக்கிட்டே நூறுலருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்கம்மா."

"தொண்ணூத்தி மூணு" என்றேன். அடுத்தது எண்பத்தாறு என்று தெரியும். ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் என் கால் நின்றுவிட்டது. காலை எடுத்து வைத்தேன், எண்பத்தாறு போய்விட்டது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறைக்குள் வந்ததும் ஐந்து சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு ஏதேதோ பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். மயில், புளி என்று இரண்டுதான் வந்தன. மீதி எங்கே போயின என்றே தெரியவில்லை. அம்மாவின் கடைசி நாட்கள் கண்ணுக்குள் வந்தன. அப்போது டாக்டர் ஒரு காகிதத்தில் இருந்து பல சொற்களை மெதுவாக வாசித்தார். "நான் முதல்ல சொன்னது இதுல எதெல்லாம் இருக்கோ, கையைத் தூக்குங்க" என்றார். சைக்கிள் என்றதும் தூக்கினேன். கோயில் என்றதும் தூக்கினேன். சிவப்பு என்றதும் தூக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பாத்தீங்களா, அஞ்சும் உள்ளதான் இருக்கு. தானா எடுத்துட்டு வரத்தான் சிரமம். ஒரு துப்புக் கொடுத்தா வந்துருது."

துப்பு என்ற சொல்லை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு சொல்லால்தான் அவர் அடுத்து நோயின் பெயரைச் சொன்னபோது நான் உடைந்து போகவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"பார்க்கின்சன். கை நடுங்குத நோய்னுதான் எல்லாரும் நினைக்காங்க. மூளையில ஒரு ரசாயனம் குறைஞ்சு போகுது. அதுதான் கையை அசைக்குது. மனசை ஒரு வேலையிலருந்து இன்னொரு வேலைக்குத் திருப்புததும் அதுதான். புதுசா ஒண்ணைச் செஞ்சு செஞ்சு கைப்பழக்கமா ஆக்குததும் அதுதான். அதான் உங்களுக்கு அந்த அடுப்பு வரல்ல."

"எங்க அம்மாவுக்கு வந்த மாதிரி ஆயிருவேனா?"

"அது வேற. இப்ப உங்களுக்கு அது இல்ல. பின்னால ஒண்ணுமே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி போகும். இப்ப என்ன இருக்கோ அதைப் பேசுவோம்."

ஒரு நேரத்தில் ஒரு வேலை. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் யோசிக்க வேண்டிய வேலை. அவசரப்படுத்துகிறவர்களிடம் அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிடுவது. இவ்வளவும் சொல்லி அனுப்பினார். மாத்திரை கையைக் கொஞ்சம் அடக்கியது. கடைசி யோசனையை மட்டும் நான் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் சொல்லாமல் வீட்டுக்குள் இருந்துகொண்டேன். என் முகமும் இறுகிப்போயிருந்தது. நோயில் அதுவும் ஒரு பகுதியாம். எதிர்வீட்டுக்காரி என் வீட்டுக்காரரிடம், "அக்கா என் மேல எதுவும் கோவமா இருக்காவளா?" என்று கேட்டிருக்கிறாள்.

அப்படி ஒரு வருஷம் போனபின் சம்மன் வந்தது.

கொண்டுவந்தவள் நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்த பெண் போலீஸ். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். "அம்மா, குற்றாலத்துல பிள்ளையைத் தூக்கிட்டுப் போன கேசு. ஜாமீன்ல போனவ இத்தனை வருஷம் வெளிமாநிலத்துல இருந்திருக்கா. இப்ப பிடிச்சுக் கொண்டாந்துட்டாவ. விசாரணை ஆரம்பிச்சாச்சு. நீங்கதான் முக்கிய சாட்சி" என்றாள்.

அந்த வழக்கைச் சொல்ல வேண்டும். நான் ஏட்டாக இருந்த காலம். ஆடி மாதம், சாரல் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் எனக்குச் சீசன் டியூட்டி. கூட்டம் என்றால் கூட்டம், கையை நீட்டினால் மடக்க இடமில்லை. குளித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் போனாள். குழந்தையின் தலையிலிருந்து தண்ணீர் வடிந்து அவள் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய தலை காய்ந்திருந்தது. சேலைக்கொசுவம் காய்ந்திருந்தது. காலில் செருப்பு இருந்தது. பச்சைப் பிள்ளையை அருவியில் நனைத்தவள் தான் நனையாமல் எப்படி இருப்பாள்? இதை அன்று நான் வரிசையாக யோசிக்கவில்லை. பார்த்த கணத்தில் கால் அவள் பின்னால் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற இடத்தில் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் பிள்ளையைக் காணோம் என்று அறிவித்தார்கள். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த குடும்பம். தகப்பனார் வளைகுடாவில் வேலையில் இருந்தார். தாயார் தறி நெய்கிறவர். ஈரத் துணியோடு ஓடிவந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

இதுதான் நான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியது. சொல்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைத்தான் என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

"டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துருவோம்" என்றார் வீட்டுக்காரர். "உன்னைக் கூண்டுல நிக்க வச்சு எதிர்த்தரப்பு வக்கீல் நாலு கேள்வி கேப்பான். நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பே. எதுக்கு?"

மகளும் போனில் அதையே சொன்னாள். அவர்கள் சொன்னது தப்பில்லை. காவல் துறைக்காரிக்குத் தெரியாததா? கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் கேட்கிறவர்கள் மனதில் சந்தேகம் விழும். என் முகமோ எந்த உணர்ச்சியும் காட்டாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. என்னைச் சும்மா நிற்க வைத்தாலே போதும்.

ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தத் தாயார் போன் செய்தார். என் எண்ணை அந்தப் பெண் போலீஸ் கொடுத்திருக்கிறாள். "மேடம், நீங்க வருவீங்கல்லா? அந்தப் பொம்பள, பிள்ளை அழுதுச்சு, போலீஸ்ட்ட ஒப்படைக்கத்தான் தூக்கிட்டுப் போனேன்னு சொல்லுதாளாம். அவ தூக்கிட்டுப் போனதைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

வருகிறேன் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார். "வாரேன்" என்றேன்.

அரசு வழக்கறிஞரை முதலில் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், கெட்டிக்காரி. தென்காசி நீதிமன்ற வளாகத்தில் ஒரு மரத்தடியில் நின்று பேசினோம். முதல் கேள்விக்கே நான் தாமதித்தபோது அவள் கண்ணில் கவலை தெரிந்தது. அப்போதுதான் டாக்டரின் கடைசி யோசனைப்படி நடந்தேன். வீட்டுக்கு வெளியே முதல் தடவையாக என் நோயின் பெயரைச் சொன்னேன்.

"எனக்குப் பார்க்கின்சன் இருக்கு. மறதி இல்ல. பதில் லேட்டா வரும். ரெண்டு கேள்வியைச் சேத்துக் கேட்டா ரெண்டும் வராது. இதை நீங்க ஜட்ஜ் ஐயாட்ட சொல்ல முடியுமா?"

அவள் உடனே தெளிந்துவிட்டாள். "இதை முன்னாடியே சொன்னதுதான் நல்லது மேடம். உக்காந்து சாட்சி சொல்ல அனுமதி கேக்கலாம். டாக்டர் கடிதம் மட்டும் வேணும். உங்க பழைய வாக்குமூலத்தையும் தாரேன், படிச்சுப் பாருங்க" என்றாள்.

படித்தேன். எங்கள் காலத்துப் போலீஸ் பழக்கம் ஒன்றுண்டு. நாலு தடவை வாசித்தால் நீதிமன்றத்தில் ஒப்பித்துவிடலாம். நாலு தடவை வாசித்தேன். எட்டுத் தடவை வாசித்தேன். தாளை மூடினால் முதல் வரிக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. மறுநாள் இன்னும் பிடிவாதமாக வாசித்தேன், இன்னும் மோசமாகப் போனது. அன்று தாளைத் தூக்கி மேஜைமேல் எறிந்துவிட்டு, சர்டிபிகேட்டே வாங்கிவிடலாம் என்று சொன்னேன்.

வீட்டுக்காரர் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தேங்காயைப் பாரையில் குத்தித் திருப்பிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அன்னைக்கு நீ எங்கன நின்ன?"

"அருவிக்கரையிலதான்."

"அருவிக்கரைன்னா? அது என்ன கொஞ்ச எடமா? எங்கன?"

யோசித்தேன். வரவில்லை. அவர் வழக்கம்போல் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. தேங்காயை உரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "வயர்லெஸ் கையில இருந்துச்சு" என்றேன்.

"சரி."

"அதுல தண்ணி பட்டுரும்னு ஒதுங்கி நின்னேன்."

"எங்க ஒதுங்குன?"

அதற்குமேல் வரவில்லை. ஆனால் அவ்வளவு வந்ததே பெரிது. இது எந்த வாக்குமூலத்திலும் எழுதியிருக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து அவர்தான் என் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். காலை மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழிந்ததும் முற்றத்தில் நாற்காலியைப் போடுவார். மனப்பாடத்தை விட்டுவிட்டோம். அவர் கேட்பார், நான் தேடுவேன். முதலில் அவருக்குப் பொறுமை இல்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, "அந்தப் பொம்பள செருப்புப் போட்டிருந்தாள்லா?" என்று எடுத்துக் கொடுப்பார்.

"கோர்ட்டுல நீங்களா வந்து எடுத்துக் கொடுப்பீங்க? சும்மா இருங்க."

"சரி, சும்மா இருக்கேன். கோவப்படாத."

"நான் கோவப்படல்ல. என் மூஞ்சி இப்ப அப்படித்தான்."

அவர் சிரித்துவிட்டார். என் நோயை வைத்து நாங்கள் இருவரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. போகப் போக அவர் பழகிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொள்வார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் எனக்கு அவசரம் வராது என்பதை அவராகவே கண்டுபிடித்தார். இத்தனை வருட இல்வாழ்க்கையில் என் பேச்சை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது கிடையாது. அதையும் சொன்னேன்.

எங்கே ஒதுங்கி நின்றேன் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் அவர், "இங்கன இருந்து எத்தனை நாள் யோசிப்ப? நேர்ல போயிப் பாத்துருவோம்" என்று ஆட்டோவை வரவழைத்துவிட்டார்.

சீசன் இல்லாத மாசி மாதம். குற்றாலத்தில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. பாறையில் அருவி சன்னமாக, ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். கம்பித் தடுப்புகள் புதிதாக இருந்தன, நடைபாதையும் மாறியிருந்தது. இதில் எதைக் கண்டுபிடிப்பது என்று மலைப்பாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற ஒரு கடையைத் தாண்டும்போது எண்ணெய்ச் சூடு முகத்தில் அடித்தது. நின்றேன். கால் சண்டித்தனம் செய்து நிற்கவில்லை, நானாகத்தான் நின்றேன்.

இந்தச் சூடுதான். முதுகில் சிப்ஸ் சட்டியின் சூடும், முகத்தில் சாரலும் அடிக்க, வயர்லெஸை மார்போடு அணைத்துக்கொண்டு இந்த ஓரத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் என் இடது பக்கமாகக் கடந்து போனாள். புறக்காவல் நிலையம் எனக்குப் பின்னால் வலது பக்கம். போலீஸிடம் ஒப்படைக்கப் போகிறவள் என்னைத் தாண்டி, அங்கே போகாமல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏன் திரும்ப வேண்டும்? அதுவும் காக்கி உடையில் நான் அவள் கண்முன்னே நிற்கும்போது?

எல்லாம் அப்படியே வந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய், "என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல்ல. வந்துருச்சு" என்றேன்.

சாட்சி நாளில் எல்லாம் திட்டம் போட்டபடி நடக்கவில்லை. பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டு மாத்திரை போட்டிருந்தேன். வேறு வழக்குகள் நீண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் டவாலி என்னைக் கூப்பிட்டார். மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. அடுத்த மாத்திரையை வாசலிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கூண்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவளை, அடையாளம் காட்டச் சொன்னார்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று முற்றத்தில் எத்தனை தடவை கேட்டும் எனக்கு வந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். வயதாகிவிட்டது, மெலிந்திருந்தாள். அவள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. டாக்டர் வாசித்த சொற்களுக்குக் கையைத் தூக்கியது போல, தயங்காமல் கையைக் காட்டினேன்.

அரசு வழக்கறிஞர் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டுக் காத்திருந்தாள். அது சுலபமாகப் போனது. பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். பெரியவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தீங்க, எங்க நின்னீங்க, எதிரியை முதல்ல எந்த இடத்துல பார்த்தீங்க?"

மூன்று கேள்விகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீதிபதியிடம் திரும்பி, "சாட்சிக்கு ஞாபகம் இல்லை என்று பதிவு செய்யலாம்" என்றார்.

"ஐயா, ஞாபகம் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது. திரும்பவும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன். "ஞாபகம் இருக்கு. சொல்ல நேரமாகும். ஒவ்வொரு கேள்வியாக் கேளுங்க, சொல்லுதேன்."

நீதிபதி என்னைக் கொஞ்சம் பார்த்தார். தன் முன்னாலிருந்த டாக்டர் கடிதத்தைப் பார்த்தார். "ஒவ்வொன்றாகக் கேளுங்கள் வக்கீல் சார். சாட்சி நேரம் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார்.

அதன்பிறகு அந்த அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு கேள்வி, நீண்ட மௌனம், ஒரு பதில். தட்டச்சு செய்கிற பெண் விரல்களை எந்திரத்தின்மேல் வைத்தபடியே இருந்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சிப்ஸ் கடை ஓரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அங்கேயிருந்து பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். குழந்தை நனைந்திருந்தது. தூக்கிப் போனவள் நனையவில்லை. போன திசை பஸ் ஸ்டாண்டு.

"எதிரி என்ன கலர் சேலை கட்டியிருந்தாங்க?"

தேடிப் பார்த்தேன். "தெரியல்ல ஐயா" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு வந்திருக்கிற நோய் மூளையைப் பாதிக்கிற நோய்தானே?"

"ஆமா ஐயா."

"அப்போ இப்ப நீங்க சொன்னதெல்லாம் உங்க வாக்குமூலத்தைப் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறீங்க, சரியா?"

இதற்கும் நேரம் எடுத்தது. ஆனால் பதில் கிளம்பிவிட்டது என்று உள்ளே தெரிந்தது. அவர் மறுபடி வாயைத் திறந்தபோது நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"மனப்பாடம் பண்ண முடிஞ்சா எனக்கு டாக்டர்ட்ட போக வேண்டிய வேலையே இருக்காது ஐயா. நானும் படிச்சுப் பாத்தேன். ஒட்டல்ல. அன்னைக்குக் கண்ணால பாத்தது மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியின் முகமும் கொஞ்சம் இளகியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கூட என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். என் கை நடுக்கத்தில் பாதி சிந்தியது. அவர் திரும்ப ஊற்றினார். அந்தத் தாயார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கிறாளாம். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். அவளுக்கு அந்த நாள் கொஞ்சமும் ஞாபகம் இல்லை.

"நான் அன்னைக்கு ரொம்ப அழுதேனா மேடம்?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். தாயார் பதில் சொல்லப் போனார். என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண்ணும் அவசரப்படாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழல்ல. என் தொப்பியைப் பிடிச்சு இழுத்தே. விடவே இல்ல. உங்க அம்மா உன்னைத் தொப்பியோடதான் வாங்கிட்டுப் போனாவ."

தாயாருக்கு அதுவரை மறந்திருந்தது. கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார்.

சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவளுக்குத் தண்டனை கிடைத்தது. என் சாட்சியால் மட்டும் வந்த தீர்ப்பில்லை. வேறு சாட்சிகளும் இருந்தார்கள். என் பங்கை நான் சொல்லி முடித்தேன், அது போதும்.

நோய் நின்றுவிடவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். சில நாட்களில் காலை எழுந்ததிலிருந்தே தலை மந்தமாக இருக்கும். அன்று ஒன்றையும் வலிந்து செய்வதில்லை. மற்ற நாட்களில் தென்காசிக்குப் போகிறேன். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெதுவாகத்தான் சொல்லுவேன் என்று. ஒருவர்கூட இதுவரை முகம் சுளிக்கவில்லை. சொல்லாமல் ஒளிந்துகொண்டிருந்த அந்த ஒரு வருஷத்தில் நான் பயந்ததில் பாதி நடக்கவே இல்லை.

சென்ற வாரம் அச்சன்புதூரிலிருந்து ஒரு விவசாயியை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். சம்மன் கொண்டுவந்த அந்தப் பெண் போலீஸின் பெரியப்பாவாம். அவருக்கும் இதே நோயென்று போன மாதம் சொல்லியிருக்கிறார்கள். மனைவி வந்ததிலிருந்து நிறுத்தாமல் பேசினார். "ஒண்ணுமே பேச மாட்டேங்காவ மேடம். கேட்டா அப்படியே இருக்காவ. புத்தி மங்கிட்டோன்னு பயமா இருக்கு."

நான் அவர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இந்த வருஷம் என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். மனைவி, "நெல்லுதான்" என்று ஆரம்பித்தார். நான் அந்த அம்மாவின் கைமேல் கையை வைத்தேன். வீட்டுக்காரர் எழுந்து போய் மோர் கலக்க ஆரம்பித்தார். டம்ளர்கள் வந்து, ஆளுக்கொன்று கையில் எடுத்தபிறகுதான் அண்ணாச்சி பேசினார்.

"ஒரு வயல்ல நெல்லு. மேட்டு நெலத்துல உளுந்து போட்டிருக்கேன். உளுந்து போட்டது இவளுக்குத் தெரியாது."

"எப்ப போட்டீங்க?" என்று மனைவி கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தை பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.